பதினெட்டில் ஒன்று குறைவு

போன செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு நான் ஒரு குழந்தையைத் தொலைத்தேன்.

சொந்தக் குழந்தை என்றால் வீட்டோடு போயிருக்கும். இது ஊரார் குழந்தை!

வில்லியனூர் ஜவுளிக்கடையில் இருபது வருஷம் முழம் போட்டுக்கொண்டிருந்தவன், நாற்பத்து நாலு வயசில் இந்தக் கரியமாணிக்கம் பக்கத்துக் கிராமத்தில் வாத்தியாரானது தனிக் கதை. பிரெஞ்சு கொஞ்சம் வரும் என்று பெரிய வகுப்பைத்தான் கொடுக்க வந்தார்கள். குழந்தைகள் வகுப்பே போதும் என்று நானாகக் கேட்டு வாங்கிக்கொண்டேன். தியாகம் என்று நினைத்துவிடாதீர்கள் – சோம்பல்! 'அ, ஆ' சொல்லிக்கொடுக்க என்ன கஷ்டம்?

ஆறு மாதத்தில் தெரிந்துவிட்டது. ஒருத்தனுக்கு மூக்குச் சிந்திவிடுவதற்குள் மூன்று பேர் கடித்துக்கொள்வார்கள். அதனால் திங்கட்கிழமை பெரிய வாத்தியார், "அஞ்சாம் வகுப்புல இடம் காலியாவுது. வரியாய்யா? வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லு" என்றபோது அங்கேயே தலையாட்டியிருப்பேன். கௌரவத்துக்காக 'யோசிக்கிறேன்' என்றேன்.

மறுநாள்தான் இந்த வினை. பனைமரங்களைக் காட்டி எண்ணப் பழக்கலாமே என்று வகுப்பை வயல்வெளிக்கு ஓட்டிப் போனேன். எங்கள் ஊரில் வரப்புக்கு இந்தப் பக்கம் பிரான்சு, அந்தப் பக்கம் இங்கிலீஷ்காரன் சீமை. பனைமரங்களுக்கு இது தெரியாது.

மரங்கள் தீர்ந்ததும், "இப்ப நம்மள எண்ணுங்க" என்றேன்.

"பதினேழு!" என்றான் மளிகைக்கடை பாய் மகன் ரசாக்கு.

"பதினெட்டுடா. ஒண்ண முழுங்கிட்ட."

"நீயே எண்ணிப் பாரு வாத்தியாரே!"

எண்ணினேன். பதினேழு. எதிர்ப்பக்கத்திலிருந்து எண்ணினேன். அப்போதும் பதினேழு. அஞ்சலையைக் காணோம்!

அஞ்சலைக்கு ஐந்து வயசு. அவள் அப்பா முருகேசன் கரும்பு வெட்டுகிறவர். கத்தி இல்லாமல் அவரை நான் பார்த்ததே இல்லை. கிணற்றை எட்டிப் பார்த்தேன். கரும்புக்குள் புகுந்து கத்தினேன். வரப்பைத் தாண்டிவிட்டாளோ? ஒரு வாத்தியாரின் மறதியால் இரண்டு வல்லரசுகளுக்குள் யுத்தம்… என் மனம் பீரங்கிகளையே வரிசையில் நிறுத்திவிட்டது.

பதினேழு பேரையும் கைகோக்க வைத்து இங்கிலீஷ் எல்லைக்குள் படையெடுத்தேன். சுங்கச் சாவடிச் சேவகர் குறுக்கே வந்தார்.

"நில்லுய்யா! இன்னா இது, ஆடு மாதிரி ஓட்டினு வர்ற? மடியில இன்னா?"

"சாக்குக்கட்டிங்க."

முகர்ந்து பார்த்தார். "வேற?"

"பதினேழு மூக்கு ஒழுவுதுங்க. தீர்வை உண்டுன்னா போட்டுக்குங்க. ஒரு பொட்டப் புள்ளயக் காணோம், பாத்தீங்களா?"

மனுஷர் இளகிவிட்டார். "இந்தப் பக்கம் யாரும் வர்லியே. பள்ளிக்கூடத்துல பாத்தியா?"

பள்ளிக்கூடத்தில்!

பார்க்கவில்லை. பதறுகிறவனுக்கு அவ்வளவு சமீபத்தில் தேடத் தோன்றுமா? ஓடினோம்.

வகுப்பு மூலையில், சுவரைப் பார்த்தபடி, அஞ்சலை உட்கார்ந்திருந்தாள்.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. காலையில் அவள் ரசாக்கைக் கிள்ளினாள். நான்தான், "ஏந்திருன்னு நான் சொல்ற வரிக்கும் இங்கயே குந்து" என்று மூலையைக் காட்டினேன். காட்டியவன் மறந்தேன். அவள் மறக்கவில்லை. உட்கார்ந்த இடம் நனைந்திருந்தது.

காலடிச் சத்தம் கேட்டுத் தலையை மட்டும் திருப்பினாள்.

"ஏந்துக்கட்டா வாத்தியாரே?"

"ஏந்திரும்மா" என்றேன். அவள் எழுந்தாள், நான் உட்கார்ந்தேன். ரசாக்கு பழசையெல்லாம் மறந்து, "நாங்க வெள்ளக்காரன் மேல சண்டைக்குப் போனோம்டி!" என்று பீற்றிக்கொண்டிருந்தான்.

சாயங்காலம் முருகேசன் மகளை அழைக்க வந்தார், கத்தியோடு. கதவை ஒட்டி நின்றுகொண்டு நடந்ததையெல்லாம் ஒப்புக்கொண்டேன். அவர் கத்தியைக் கீழே வைத்தார்.

"ஒரு மணி நேரமா குந்தினு இருந்தா? எம்பொண்ணா? வூட்ல ஒரு வாய் சோறு துன்ற வரிக்கும் குந்த மாட்டாய்யா! எப்பிடிய்யா குந்த வச்ச?"

நான் விட்ட நிம்மதி மூச்சில் சாக்குப்பொடி எல்லாம் பறந்தது.

வெள்ளிக்கிழமை பெரிய வாத்தியாரிடம் போய், குழந்தைகள் வகுப்பிலேயே இருந்துவிடுகிறேன் என்றேன்.

"இன்னாய்யா, மரியாதையான வகுப்பு. வேணாங்கற?"

"அஞ்சாம் வகுப்புல நான் சொன்னா ஒருத்தனும் நம்பமாட்டான். இதுங்க நம்புதுங்க" என்றேன். நம்புகிறவர்கள் நடுவில் மறதிக்காரன் இருப்பது ஆபத்துதான். ஆனால், அப்படி ஒருமுறை வியர்த்தவன் இன்னொருமுறை மறப்பானா? புதுசாக ஒருத்தர் வந்தால் அவரும் முதலில் ஒருமுறை மறந்து பார்க்க வேண்டுமே!

இப்போதெல்லாம் யாரை உட்காரச் சொன்னாலும் அடுத்த மூச்சிலேயே எழுந்திருக்கவும் சொல்லிவிடுகிறேன். பாதி நேரம் பதினெட்டுப் பேரும் நின்றுகொண்டுதான் இருக்கிறார்கள் – எண்ணுவதற்கு வசதி!