பத்தியத்தில் போன பற்கள்

காலையில் பல் துலக்கித் துப்பியபோது தண்ணீர் சிவந்திருந்தது. வேப்பங்குச்சி குத்தியிருக்கும் என்று நினைத்தேன். மறுநாளும் அப்படியே. பிறகு குச்சியைத் தொடாமல் வெறுமனே வாய் கொப்பளித்துப் பார்த்தேன். அப்போதும் சிவப்புதான்.

யுத்த காலம். மகன் பிறந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. பிரசவத்துக்குப் பின் காய்ச்சல் கண்டதால் என் பத்தியம் நீண்டுகொண்டே போனது. ரேஷன் அரிசிச் சோறு, மிளகு ரசம், சுட்ட பூண்டு. கீரை தின்றால் பிள்ளைக்கு மாந்தம், பழம் தின்றால் சளி என்று மாமியார் விலக்கி வைத்தார். திருத்தணி மலையடிவாரத்தில் என் கணவருக்கு அர்ச்சனைக் கடை. எலுமிச்சையும் வாழைப்பழமும் கூடை கூடையாக எங்கள் வீட்டு நடையில்தான் இறங்கும். நான் ஒன்றைத் தொட்டதில்லை.

ஒருநாள் நான் துப்பியதை மாமியார் பார்த்துவிட்டார்.

“டேய், இவ ரத்தம் துப்பிகினு இருக்கா. க்ஷயம்டா! மொதல்ல புள்ளைய எடு.”

க்ஷயம் (நுரையீரலை அரிக்கும் ஒட்டுநோய்).

“எனக்கு இருமலே இல்லீங்க. வாயிலேர்ந்துதான் வருது,” என்றேன். கணவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. அன்றே குழந்தையைக் கனகம்மாசத்திரத்தில் இருந்த நாத்தனாரிடம் விட்டு வந்தார். அவளுக்கும் கைக்குழந்தை, பால் இருந்தது. எனக்கு மாட்டுக்கொட்டகை ஓரம் தனிப் பாய், தனித் தட்டு. தட்டில் அதே பத்தியம்.

இரண்டு மாதத்தில் ஈறு கருஞ்சிவப்பாக வீங்கிப் பல்லை மூடியது. கால்களில் கன்றிய திட்டுகள். ஒரு வெள்ளிக்கிழமை, மென்ற சோற்றோடு முன்பல் ஒன்று வந்துவிட்டது. வலிக்கக்கூட இல்லை. கேள்விப்பட்டு வந்த என் அண்ணன், யாரையும் கேட்காமல் என்னை ரயிலேற்றி ஒரு மிஷன் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்.

டாக்டரம்மா நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டார். பிறகு ஈறை அழுத்திப் பார்த்தார்.

“காய், பழம் தின்னு எவ்ளோ நாளாச்சும்மா?”

“ஆறு மாசங்க.”

“உனக்கு க்ஷயமே இல்ல. இது ஸ்கர்வி. ஏம்மா, உங்க ஊர்ல எலுமிச்சம்பழம் கெடைக்காதா?”



ஸ்கர்வி (பச்சைக் காய், பழங்களில் உள்ள வைட்டமின் சி என்னும் சத்து இல்லாமல் ஈறு கெடும் நோய்). எலுமிச்சைச் சாறு, நெல்லிக்காய், முருங்கைக்கீரை இவைதான் மருந்து. சில நாட்களில் இரத்தம் நின்றது. ஈறு மெல்ல இறுகியது. அதற்குள் முன்பற்கள் நான்கு போயிருந்தன. பாலும் வற்றியிருந்தது.

வீடு திரும்பியதும், க்ஷயம் இல்லை என்று டாக்டரம்மா எழுதிக்கொடுத்த சீட்டை நீட்டினேன். மாமியார் கையால் வாங்கவில்லை.

“காயிதத்துல எழுதிட்டா ஆச்சா? ரத்தம் துப்பினவகிட்ட புள்ளைய எப்படிக் குடுக்கறது?”

“கொஞ்ச நாள் போவட்டும்,” என்றார் கணவர். அந்தக் கொஞ்ச நாள் பதினோரு மாதம்.

பிள்ளை பெற்றிருக்கும் பெண்களே, ஈறில் இரத்தம் கண்டால் உடனே வைத்தியரிடம் வாயைத் திறந்து காட்டுங்கள். கீரையும் பழமும் இல்லாத பத்தியத்தை மறுத்துவிடுங்கள். நான் மறுக்கவில்லை. நல்ல மருமகள் என்று பெயர் எடுத்தேன்.

மகன் திரும்பியபோது வாசலிலிருந்து நடந்தே வந்தான். வாய் நிறையப் பல். என் வாயைப் பார்த்ததும் அலறி நாத்தனாரின் சேலைக்குள் புகுந்துகொண்டான்.

“இவனுக்கு மொதல் பல்லு எப்ப மொளைச்சுது?” என்று அவளைக் கேட்டேன்.

“அதெல்லாம் யாருக்கு ஞாபகம் கீது அண்ணி?”

என் பற்கள் நான்கும் எந்தெந்தக் கிழமையில் விழுந்தன என்று இன்று கேட்டாலும் சொல்வேன். அவனுக்கு முளைத்த நாள் ஒன்றுகூட எனக்குத் தெரியாது.