உங்கள் அம்மா கற்றுக்கொண்டதும் நான் அழித்ததும்

பிள்ளைகளே,

இந்த நினைவு மலரின் முதல் பக்கத்துக்கு உங்கள் மாமா ஒரு வரி எழுதிக் கொடுத்திருந்தார். 'பொறுமையின் சிகரமாய் வாழ்ந்து மறைந்த எங்கள் அன்புச் சகோதரி' என்று. அச்சகத்தில் உட்கார்ந்து நானே அதைக் கோடு போட்டு அடித்தேன். கம்ப்யூட்டரில் எழுத்துக் கோக்கும் பெண் என்னை ஒரு மாதிரி பார்த்தது.

"ஐயா, எல்லா மலர்லயும் இது வரும். நல்லாதான இருக்கு?"

"எல்லா மலர்லயும் வருதுன்னுதாம்மா அடிக்கிறேன். அவங்க பொறுமைசாலி கெடையாது."

"அப்ப இன்னா போடட்டும்?"

"கணக்கு டீச்சர்னு போடு. போதும்."

உங்கள் மாமா கோபித்துக்கொள்வார். கோபித்துக்கொள்ளட்டும். இந்த ஒரு வருடமாக எனக்கும் கோபம்தான். நான் எட்டாவதோடு நின்றவன். கோபத்தை மரியாதையாக எழுதும் விதம் எனக்குத் தெரியாது. தெரிந்தவரை எழுதுகிறேன். வீட்டில் நான் 'வா, போ' என்று பேசிய உங்கள் அம்மாவை இங்கே 'அவர்' என்று எழுதுகிறேன். அது மலருக்காக மட்டும் இல்லை. உயிரோடு இருந்தபோதே அப்படிக் கூப்பிட்டிருக்க வேண்டியவர்.

அம்மா பிறந்தது முத்தியால்பேட்டையில். இன்றும் நாம் இருக்கும் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி. உங்கள் தாத்தா மில் தொழிலாளி. ஐந்து பிள்ளைகளில் அம்மா நான்காவது. அரசுப் பள்ளியில் படித்து, தபால் வழியில் பட்டம் வாங்கி, பிறகு ஆசிரியர் பயிற்சி முடித்தார். நான் அதே மில்லில் பதிலி ஆளாக இருந்த காலத்தில் பெண் பார்க்கப் போனோம். "எட்டாவதுதான் படிச்சிருக்கேன்" என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.

"கணக்கு வருமா?" என்று அம்மா கேட்டார். பெண் பார்க்க வந்தவனிடம் கேட்கும் கேள்வியா அது?

"கூட்டல், கழித்தல் வரும்."

"மீதிய நான் பாத்துக்கறேன்."

சொன்னபடி பார்த்துக்கொண்டார். மில் மூடியபோது நான் வீட்டில் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அம்மா தனியார் பள்ளியில் கணக்கு டீச்சராகச் சேர்ந்து உங்கள் இருவரையும் படிக்க வைத்தார். அதற்குப் பிறகுதான் எனக்கு நோணாங்குப்பம் படகுத் துறையில் வேலை கிடைத்தது. இது உறவினர் எல்லாருக்கும் தெரியும். தெரியாத கதைக்கு வருகிறேன்.

பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளிகளை மூடினார்கள். நாளை முதல் போனில் பாடம் நடத்துங்கள் என்று டீச்சர்களுக்கு உத்தரவு வந்தது. எப்படி நடத்துவது என்று ஒருவரும் சொல்லித் தரவில்லை. முதல் நாள் அம்மா நாற்பது நிமிடம் இயற்கணிதம் நடத்தினார். போனின் மைக்கை அணைத்து வைத்திருந்தது அவருக்குத் தெரியாது. ஒரு சொல்லும் யாருக்கும் கேட்கவில்லை. மறுநாள் கூட்டத்தில் தாளாளர் எல்லாருக்கும் முன்னால், "நம்ம கணக்கு டீச்சர் நேத்து மௌன விரதம்" என்றாராம். எல்லாரும் சிரித்தார்களாம். அம்மா வீட்டுக்கு வந்து, சாப்பிடாமல், போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

பெரியவனே, உன்னிடம்தான் முதலில் கேட்டார். நீ என்ன செய்தாய்? "தள்ளும்மா, நான் பண்ணித் தரேன்" என்று போனை வாங்கினாய். நாலு தட்டுத் தட்டினாய். திருப்பிக் கொடுத்தாய். "எப்பிடிடா பண்ண?" என்றதற்கு, "அதான் ஆயிடுச்சே" என்றாய். சின்னவளே, நீயும் அதேதான். உனக்கு இன்னும் வேகம். அம்மாவுக்கு வேலை முடிவது வேண்டாம், அந்த வேலை தனக்கு வர வேண்டும். அது உங்களுக்குப் புரியவில்லை. அவர் உங்கள் கையைப் பிடித்து எழுதப் பழக்கியபோது ஒரு நாளாவது 'தள்ளு' என்றாரா? இதை நேரில் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அச்சில் போடுகிறேன். நான் மட்டும் யோக்கியனா? "இந்த வயசுல இது தேவையா?" என்று கேட்டவன் நான்.

அப்புறம் அம்மா யாரையும் கேட்கவில்லை. நீல அட்டை போட்ட ஒரு நோட்டை எடுத்தார். இணையத்தில் இலவசமாகக் கிடைப்பதை எல்லாம் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். கேள்வித்தாள் செய்யும் படிவம், பலகை போல எழுதும் செயலி, வீடியோவை வெட்டி ஒட்டும் செயலி, எல்லாவற்றையும் போட்டு வைக்கும் இணையப் பெட்டி. தொட்டதை நோட்டில் எழுதினார். 'மேலே வலப்பக்கம் மூன்று புள்ளி. தொட்டால் கதவு திறக்கும்.' 'பென்சில் படம் என்றால் திருத்தலாம்.' இப்படிப் பக்கம் பக்கமாக.

என் பங்கு ஒன்றே ஒன்று. பிளாஸ்டிக் முக்காலியின் நடுவில் ஒரு ஓட்டை அறுத்துக் கொடுத்தேன். முக்காலி மேல் போனைப் படுக்க வைத்தால், ஓட்டை வழியாகக் கீழே உள்ள தாள் தெரியும். அம்மா தரையில் உட்கார்ந்து முக்காலிக்கு அடியில் கையை விட்டு எழுதுவார். வீடியோவில் கை மட்டும்தான் வரும். வலது கை எழுதும். இடது கை தாளை அழுத்திப் பிடித்திருக்கும். ஒவ்வொரு பாடமும் ஒரே மாதிரி ஆரம்பிக்கும். "வணக்கம் பிள்ளைங்களா. எந்தப் பள்ளிக்கூடமா இருந்தாலும் சரி, பள்ளிக்கூடமே இல்லன்னாலும் சரி, வாங்க உக்காருங்க." பத்தாம் வகுப்புக் கணக்கு முழுவதும் நாற்பத்தொரு பாடம், யாரும் பார்க்கும்படி அந்தப் பெட்டியில் திறந்து வைத்தார். ஒவ்வொன்றின் கீழும் சந்தேகம் கேட்க அம்மாவின் போன் எண்.

பள்ளிகள் திறந்த பிறகு தாளாளர் கூப்பிட்டு அனுப்பினார். "வெளிப்பிள்ளைங்களுக்கு எதுக்கு டீச்சர் சும்மா குடுக்கறீங்க? நம்ம பிள்ளைங்க மட்டும் பாக்கற மாதிரி பூட்டிடுங்க" என்றார்.

"நான் சும்மா கத்துக்கிட்டது சார். சும்மாதான் குடுப்பேன்" என்று அம்மா சொல்லிவிட்டு வந்தார். இதில் பொறுமை எங்கே இருக்கிறது, உங்கள் மாமா சொல்லட்டும்.

அடுத்த வருடம் அம்மாவின் சிறுநீரகம் கெட்டது. வாரத்துக்கு மூன்று நாள் ரத்தம் சுத்திகரிக்க மருத்துவமனை. 'உடம்பு முடியாதவருக்குப் பத்தாம் வகுப்பு வேண்டாம்' என்று காரணம் சொல்லி அம்மாவிடமிருந்து பத்தாவதைப் பிடுங்கி, ஆறாவதைக் கொடுத்தார்கள். அன்றைக்கு அம்மா அழுதார். ஊசி குத்தும்போது அழாதவர். பள்ளியில்தானே பிடுங்க முடியும்? பழைய பாடங்களில் சரியில்லாததை எல்லாம் வீட்டில் முக்காலிக்கு அடியில் திரும்ப எடுத்தார். ஊசி குத்திய இடது மணிக்கட்டில் பிளாஸ்திரியோடு. தேவைப்பட்ட கடைசிப் பாடத்தை எடுத்து முடித்த மூன்றாம் வாரம் போய்விட்டார்.

கருமாதி முடிந்து நாலைந்து நாளில் தாளாளர் குமாஸ்தாவோடு வந்தார். படத்துக்கு மாலை போட்டார், நாற்காலியில் உட்கார்ந்தார்.

"டீச்சர் எங்க குடும்பத்துல ஒருத்தருங்க. அந்தப் பாடம்லாம் பள்ளிக்கூடத்துச் சொத்து மாதிரி. பாஸ்வேர்ட மட்டும் குடுத்துட்டீங்கன்னா, டீச்சர் பேர்ல ஒரு அறையே தெறந்துடலாம்."

"அவங்கள பத்தாவதுலருந்து எடுத்தீங்களே, அப்ப அந்த அறை எங்க இருந்துச்சு சார்?"

குமாஸ்தா நிலைமையைச் சமாளிக்க நினைத்துத் தன் போனை நீட்டினார். "பாருங்கய்யா, எவ்ளோ அழகா பண்ணியிருக்கோம்" என்றார். பள்ளியின் சேர்க்கை விளம்பரம். அதில் அம்மாவின் கை எழுதிக்கொண்டிருந்தது. 'எந்தப் பள்ளிக்கூடமா இருந்தாலும் சரி' என்ற வணக்கத்தை வெட்டியிருந்தார்கள். பிளாஸ்திரி அசிங்கமாகத் தெரிந்ததோ என்னவோ, சரியாக அந்த மணிக்கட்டின் மேல் பள்ளியின் முத்திரையை ஒட்டியிருந்தார்கள்.

இருவரையும் எழுந்து போகச் சொன்னேன். வாசல் கதவைச் சாத்தினேன். அம்மாவின் போனை எடுத்தேன். அந்தப் பெட்டியைத் திறந்து, குப்பைத் தொட்டிப் படத்தைக் கண்டுபிடித்து, நாற்பத்தொரு பாடத்தையும் அழித்தேன். ஒவ்வொன்றாக அழித்தேன். ஒருவனுக்கும் கிடைக்கக் கூடாது என்று அழித்தேன். உங்களிடம் சொல்லவில்லை. இன்றுதான் சொல்கிறேன்.

அதற்குப் பிறகு வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்தேன். அம்மாவின் போன் என் சட்டைப் பையில் இருக்கும். ஒரு நாள் காலை பத்து மணி இருக்கும். படகில் ஏறுகிறவர்களுக்கு மிதவைச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது.

"டீச்சரம்மா இருக்காங்களா?" ஒரு பெண்குரல். பின்னால் தையல் மெஷின் ஓடும் சத்தம்.

"நீங்க யாரும்மா?"

"அரியாங்குப்பத்துலருந்து பேசறேங்க. தையக் கடையில பட்டனுக்குக் காஜா எடுக்கறேன். பையன் காலேஜு போறான், நான் இப்பதான் பத்தாவது எழுதறேன், சிரிக்காதீங்க. போன தபா கணக்குல போயிடுச்சு. இந்தத் தபா டீச்சரம்மா பாடத்த நம்பித்தான் ஒக்காந்தேன். மூணு வாரத்துக்கு மேல ஒண்ணுமே தெறக்க மாட்டுதுங்க. தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு இருந்தேன். பரீட்சை கிட்ட வந்துடுச்சு."

அந்தப் பெண் அவர்பாட்டுக்குப் பேசினார்.

"டீச்சரம்மாவுக்குக் கை சரியாப் போச்சுங்களா? எப்பவும் பிளாஸ்திரி ஒட்டியிருப்பாங்களே. கேக்கணும் கேக்கணும்னு இருப்பேன்."

"அவங்க தவறிட்டாங்கம்மா."

தையல் மெஷின் நின்றுபோனது. "அதாங்க பாடத்த மூடிட்டீங்களா?" என்றார்.

"ஆமாம்மா" என்றேன். பொய். துக்கத்தில் மூடவில்லை, கோபத்தில் அழித்தேன். அதை அந்தச் சகோதரியிடம் அன்று சொல்லவில்லை. இந்த மலர் அவருக்கும் போகும். படித்துவிட்டு மன்னிக்க வேண்டும்.

"செரிங்க. நீங்க மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க. நான் பாத்துக்கறேன்" என்று அவரே எனக்கு ஆறுதல் சொல்லி வைத்துவிட்டார்.

மிதவைச் சட்டை கையில் இருந்தபடியே நின்றேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. பள்ளிக்காரர்கள் எல்லாப் பாடத்தையும் எப்போதோ இறக்கி வைத்துக்கொண்டிருப்பார்கள். திறந்து கிடந்த பாடம்தானே? பாஸ்வேர்டு கேட்டது மற்றவர்களுக்கு மூடுவதற்கு. அவர்கள் கேட்ட வேலையை, அவர்கள் நாற்காலியை விட்டு எழுந்த கொஞ்ச நேரத்தில், நானே செய்து முடித்திருக்கிறேன். என் கோபம் தாளாளர் மேல் ஒரு தூசு அளவுகூட விழவில்லை. ஆற்றைத் தாண்டிப் போய் ஒரு காஜா மெஷின் மேல் விழுந்திருக்கிறது.

மேற்பார்வையாளரிடம் அனுமதி கேட்டேன். வண்டியை எடுத்துக்கொண்டு முத்தியால்பேட்டை வந்தேன். உங்களைக் கூப்பிடலாமா என்று போனை எடுத்தேன். 'தள்ளுப்பா' என்பீர்கள். வைத்துவிட்டேன். அம்மாவின் அலமாரியிலிருந்து நீல நோட்டை எடுத்தேன். எட்டாவது படித்தவனுக்கும் புரியும்படி எழுதியிருந்தார். பாதி நோட்டைத் தாண்டி, ஒரு பக்கத்தில் தொட்டிப் படம் வரைந்திருந்தது. அதன் கீழே இப்படி இருந்தது:

'தப்பாக அழித்துவிட்டால் பயப்படாதே. முப்பது நாள் இதற்குள்ளேயே இருக்கும். விரலை அழுத்திப் பிடி. மீட்டெடு என்று வரும். தொடு.'

ஓரத்தில் சின்ன எழுத்தில்: 'நான் தெரியாமல் ஒரு மணி நேரம் அழுதேன்.'

காலண்டரைப் பார்த்து எண்ணினேன். கூட்டல் எனக்கு வரும். இருபத்தேழாம் நாள். இன்னும் மூன்று நாள்தான் இருந்தது. அந்தப் பெண் தொந்தரவு பண்ணக் கூடாதென்று இன்னும் ஒரு வாரம் பேசாமல் இருந்திருந்தால், அம்மாவை நான் இரண்டாவது முறை எரித்திருப்பேன்.

முக்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். படகுக் கயிறு பிடித்த விரல், போனுக்கு மூன்று தடவை அழுத்தினால்தான் தெரிகிறது. ஒவ்வொன்றாக மீட்டேன். மாலை ஐந்தரை மணிக்கு நாற்பத்தோராவது பாடம் வந்தது. சரியாக வந்ததா என்று பார்க்க முதல் பாடத்தைத் தொட்டேன். "வணக்கம் பிள்ளைங்களா" என்றார். எழுந்து போய் முகம் கழுவிவிட்டு அரியாங்குப்பத்துக்குப் போன் போட்டேன்.

"தெறந்துடுச்சும்மா. பாருங்க."

"இருங்க... ஆமாங்க! கை வருதுங்க!"

அந்தச் சகோதரி பரீட்சை எழுதினார். கணக்கில் தேறினார். நினைவு நாளன்று வீட்டுக்கு வருகிறார். வந்தால் அவரை முன் வரிசையில் உட்கார வையுங்கள்.

நன்றி சொல்லும் இடம் இது. ஊசி போடும்போது அம்மாவிடம் வாய்ப்பாடு ஒப்பித்துக் காட்டிச் சிரிக்க வைத்த இரண்டு செவிலியர்களுக்கு நன்றி. வாரம் மூன்று நாள் தவறாமல் ஏற்றிப் போன ஆட்டோக்காரருக்கு நன்றி. அம்மா பாடம் எடுக்கும்போது மிக்ஸியைப் போடாமல் காத்திருந்த பக்கத்து வீட்டுக்காரம்மாவுக்கு நன்றி. என்னை நம்பி அன்று அரை நாள் விட்ட மேற்பார்வையாளருக்கு நன்றி. பள்ளிக்கு நன்றி சொல்லவில்லை. மறந்துவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

பிள்ளைகளே, எனக்குப் பிறகு அந்தப் போனும் நீல நோட்டும் உங்களுக்கு. பாடங்களைப் பூட்டாதீர்கள். யார் கேட்டாலும் கொடுங்கள். அந்தத் தாளாளர் வீட்டுப் பிள்ளை கேட்டாலும் கொடுங்கள். இந்தக் கடைசி வரியை நானாக எழுதியிருக்க மாட்டேன். எழுதாமல் விட்டால் அம்மா சண்டைக்கு வருவார்.

உங்கள் அப்பா