கிள்ளானுக்குப் போகாத ஏழு வருஷம்

என் வீட்டுக்காரர் பள்ளி வேன் ஓட்டினார். நான் பிரிக்பீல்ட்ஸில் ஒரு சேலைக் கடையின் மாடியில் ரவிக்கை தைத்தேன். இன்னும் அங்கேதான் தைக்கிறேன். தீபாவளிக்கு முந்தின இரண்டு மாதமும் எனக்குத் தலை நிமிர நேரம் இருக்காது. தீபாவளி முடிந்ததும் மாடி காலியாகிவிடும். அதே சமயம் பள்ளிக்கூடங்களுக்கு வருஷக் கடைசி லீவு, வேனுக்கும் ஓய்வு. எங்கள் இருவருக்கும் சேர்ந்தாற்போல் கிடைத்த அந்தச் சில வாரங்களில்தான் மகளைக் கூட்டிக்கொண்டு எங்காவது போவோம். எங்கே போவதானாலும் முதலில் கிள்ளான்.

கிள்ளானில் என் தோழி இருந்தாள். கல்யாணத்துக்கு முன்னால் ஷா ஆலமில் ஒரு தொழிற்சாலையில் நாங்கள் இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. ஹாஸ்டலில் ஒரே அறை. அவளைத் துறைமுகத்தில் வேலை செய்தவருக்குக் கட்டிக் கொடுத்தார்கள், என்னை வேன்காரருக்கு. ஒரே வருஷத்தில் இருவரும் பிள்ளை பெற்றோம். அவள் மகள் மூன்று வாரம் மூத்தவள். அதற்குப் பிறகு இரண்டு வீட்டிலும் வேறு பிள்ளை இல்லை.

என் மகள் வாய் ஓயாதவள். அவள் மகள் பேசவே மாட்டாள். கடையில் ஐஸ் கேட்பதாக இருந்தாலும் என் மகளின் காதில்தான் சொல்லும், என் மகள்தான் கடைக்காரரிடம் கேட்பாள். "அங்கிள், இவளுக்குச் சோளம் போட்டது, எனக்குச் சோளம் இல்லாதது." பேசப் பழகிய நாளிலிருந்தே என் மகளுக்கு என் தோழி ‘கிள்ளான் அம்மா’. அந்தப் பிள்ளைக்கு நான் ‘பிரிக்பீல்ட்ஸ் அம்மா’. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. இரண்டும் தாங்களாகவே வைத்துக்கொண்ட பெயர்.

ஒரு தடவை மோரிப் கடற்கரைக்குப் போனோம். பிள்ளைகளுக்கு ஒன்பது வயது இருக்கும். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கடல் வற்றி, கண்ணுக்கெட்டிய தூரம் வரை சேறுதான் கிடந்தது. கடலைக் காட்டுகிறேன் என்று கூட்டிக்கொண்டு வந்த என் வீட்டுக்காரருக்கு முகமே வாடிப்போனது. என் மகள் இடுப்பில் கை வைத்து நின்று, "அப்பா, கடலை யாரோ தூக்கிட்டுப் போயிட்டாங்க லா" என்றாள். பிறகு இரண்டும் கையைக் கோத்துக்கொண்டு கடலைத் தேடிச் சேற்றில் நடக்க ஆரம்பித்தன. நாங்கள் நாலு பேரும் கரையில் உட்கார்ந்து நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்தோம். அவை சின்னப் புள்ளிகளாகப் போய்விட்டன. என் தோழிக்குப் பயம் வந்துவிட்டது. எழுந்து நின்று கத்தினாள். அவள் கத்தியது தன் மகளின் பெயரை அல்ல, என் மகளின் பெயரை. என் மகள் திரும்பினால் மற்றவளும் திரும்புவாள் என்று அவளுக்குத் தெரியும். முழங்கால் வரை சேற்றோடு இரண்டும் வந்து ஏறியதில் வேன் ஒரு வாரம் நாறியது. பள்ளி திறப்பதற்குள் அதைக் கழுவிக் கழுவியே என் வீட்டுக்காரருக்கு லீவு முடிந்தது.

ஊர் சுற்றி முடிந்ததும் கிள்ளானுக்கே திரும்பி அவர்கள் வீட்டில் தங்குவோம். தாமான் குடியிருப்பில் வரிசை வீடு. வாசலில் கால் வைக்க இடமில்லாமல் பூந்தொட்டிகள். செம்பருத்தி, மல்லிகை, கறிவேப்பிலை, ஒரு பெரிய தொட்டியில் அல்லி, அதில் குட்டி மீன்கள். காலையில் அந்த மீன்களுக்கு ரொட்டி போடுவது யார் என்பதில்தான் பிள்ளைகளுக்குள் சண்டை வரும். வேறு எதற்கும் வராது. புறப்படும்போது என் மகள் வேனில் ஏறமாட்டாள். "இன்னும் ஒரு நாள்மா" என்பாள். "விட்டுட்டுப் போடி, நான் என்ன உன் பிள்ளையைத் தின்னுடவா போறேன்" என்பாள் என் தோழி. கடைசியில் அவளை ஒரு வாரம் அங்கே விட்டுவிட்டு நாங்கள் இருவர் மட்டும் வீடு திரும்புவோம். ஒவ்வொரு வருஷமும் இதுதான்.

என் மகள் பள்ளியில் நாலாம் படிவம் முடித்த வருஷமும் அப்படித்தான் விட்டுவிட்டு வந்தோம். வாரம் முடிந்து போய்க் கூட்டி வந்தோம். வந்த மூன்றாம் நாள் காய்ச்சல். முதலில் சாதாரணக் காய்ச்சல் என்று நினைத்தோம். கிளினிக்கில் ரத்தம் எடுத்துப் பார்த்து, கொசு கடித்து வருகிற டிங்கி என்றார்கள், ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மூன்று நாள் உடம்பு கொதித்தது. நாலாம் நாள் மாலை காய்ச்சல் விட்டது. நெற்றியைத் தொட்டுப் பார்த்து நாங்கள் சந்தோஷப்பட்டோம். நான் அழுதேன், சந்தோஷத்தில். கிள்ளானுக்கு நானே போன் செய்து சொன்னேன். டிங்கியில் காய்ச்சல் விடுகிற நேரம்தான் ஆபத்தான நேரம் என்று எனக்குத் தெரியாது. டாக்டர்களுக்குத் தெரியும், அவர்கள் வந்து வந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள், செய்ய முடிந்ததை எல்லாம் செய்தார்கள். மறுநாள் மத்தியானம் அவள் போய்விட்டாள். அவளுக்குப் பதினாறு வயது.

பதினாறாம் நாள் காரியம் எங்கள் பிளாட்டில் நடந்தது. சொந்தக்காரர்கள் சாப்பிட்டுப் போன பிறகு என் தோழி சமையலறையில் நின்று பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அந்தப் பதினைந்து நாளும் அவள்தான் எங்களுக்குச் சமைத்துப் போட்டாள். என் வாயில் சோற்றை ஊட்டியவளும் அவள்தான். அவள் மகள் தரையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் அந்தப் பிள்ளையைப் பார்த்தேன். உயிரோடு இருக்கிறாளே என்று தோன்றியது. அந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வாயைத் திறந்தேன்.

"உன் வீட்டுலேர்ந்து வந்தப்புறம்தானே அவளுக்குக் காய்ச்சல் வந்துச்சு. உன் வீட்டுக் கொசுதானே."

குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. அவள் கையைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். மிச்சமிருந்த பாத்திரத்தையும் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, மகளைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டுப் போனாள்.

பிரிக்பீல்ட்ஸிலும் கொசு உண்டு. எங்கள் பிளாட்டுக்குக் கீழே இருக்கும் சாக்கடையில் இல்லாத கொசுவா? அந்த மாதமே எங்கள் மாடி வீடுகளில் இன்னும் இரண்டு பேருக்கு டிங்கி வந்திருந்தது. இதெல்லாம் எனக்கு அப்போதே தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

அதற்குப் பிறகு அவள் மாதம் ஒரு தடவை போன் செய்வாள். நான் எடுக்கமாட்டேன், என் வீட்டுக்காரர் எடுப்பார். முதல் வருஷ தீபாவளிக்குக் குடும்பத்தோடு வந்தார்கள். நான் அறைக் கதவைச் சாத்திக்கொண்டேன். சிறிது நேரத்தில் கதவை யாரோ மெதுவாகத் தட்டினார்கள். "பிரிக்பீல்ட்ஸ் அம்மா, நான்தான்" என்றது அந்தப் பிள்ளையின் குரல். பேசவே கூச்சப்படுகிற பிள்ளை, தானாக வந்து கதவைத் தட்டியது. நான் கட்டிலில் உட்கார்ந்து கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு தடவை தட்டிவிட்டுப் போய்விட்டது. அவர்கள் கீழே போய்க் காரில் ஏறுவதை ஜன்னல் வழியே பார்த்தேன். உயரமாகி இருந்தாள். என் மகளும் இந்நேரம் அந்த உயரம் வந்திருப்பாள் என்று கணக்குப் போட்டேன். அதற்குப் பிறகு அவளைப் பார்க்கவே கூடாது என்று முடிவு செய்தேன். ஒவ்வொரு தடவையும் அந்தக் கணக்கைப் போட என்னால் முடியாது.

அப்படியே ஏழு வருஷம் போனது. பள்ளி லீவு வந்தால் வேன் கீழே சும்மா நிற்கும். என் வீட்டுக்காரர் ஒரு வாளித் தண்ணீரோடு போய் அதைக் கழுவிவிட்டு வருவார். எங்கும் போவோமா என்று ஒருநாளும் கேட்டதில்லை.

போன வருஷம் ஒருநாள் நான் தைத்துக்கொண்டிருந்தபோது மாடிப்படியில் என் தோழி ஏறி வந்தாள். தட்டில் கல்யாணப் பத்திரிகை. மற்றக் கையில் ஒரு பை. முடி நிறைய நரைத்திருந்தது. "மகளுக்குக் கல்யாணம்" என்றாள். பையிலிருந்து கூரைச் சேலையின் ரவிக்கைத் துணியை எடுத்து மேசை மேல் வைத்தாள். "நீதான் தைக்கணும்னு அவ சொல்றா. அளவு எடுக்க எப்ப கூட்டிட்டு வரட்டும்?"

அந்தப் பிள்ளையின் தோளிலும் மார்பிலும் என் அளவு நாடா படுவதை நினைத்துப் பார்த்தேன். "நேரம் இல்ல. நிறைய வேலை கிடக்கு" என்றேன். அது தீபாவளி முடிந்த வாரம். மேசையில் ஒரு துணிகூடக் கிடையாது. அவள் பார்த்தாள். துணியை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். "கல்யாணத்துக்காவது வா" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

கல்யாணத்துக்கு என் வீட்டுக்காரர் தனியாகப் போனார். மாலையில் திரும்பி வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் என் எதிரில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

"ஆசீர்வாதம் வாங்க வந்துச்சு. காலைத் தொட்டுட்டு எழுந்திரிக்கவே இல்ல. மணமேடையில அழுவுது. மாப்பிள்ளை பையனுக்கு ஒண்ணும் புரியல. என்னம்மான்னு கேட்டேன். ‘நான் என்ன தப்பு செஞ்சேன் அங்கிள், ஏன் என்னை அவங்களுக்குப் பிடிக்கல?’ன்னு கேக்குது."

நான் அவருக்குத் தண்ணீர் எடுக்க எழுந்தேன்.

"நமக்கு ஒரு பிள்ளை போச்சு" என்றார். இருபத்தைந்து வருஷத்தில் அவர் என்னிடம் குரலை உயர்த்தியதில்லை, அன்றும் உயர்த்தவில்லை. "அந்தப் பிள்ளைக்குக் கூடப்பிறந்தவ மாதிரி இருந்தவ போயிட்டா. அன்னைக்கே நீயும் போயிட்ட. அதுக்கு என்ன வயசு அப்ப? பதினாறு. நீ அதை யோசிச்சியா?"

யோசிக்கவில்லை. ஏழு வருஷத்தில் ஒருநாள்கூட யோசிக்கவில்லை.

அடுத்த வாரம் கொமுட்டர் ரயில் ஏறிக் கிள்ளானுக்குப் போனேன். ஸ்டேஷனிலிருந்து டாக்சி. வீட்டு வாசலில் இறங்கியதும் வீடு மாறிப்போய்விட்டதோ என்று தடுமாறினேன். நம்பர் அதேதான். ஆனால் ஒரு தொட்டிகூட இல்லை. செடி இல்லை, அல்லித் தொட்டி இல்லை. கேட்டிலிருந்து கதவு வரைக்கும் சிமெண்ட் பூசி, துடைத்து வைத்த மாதிரி இருந்தது. ஜன்னல்களுக்கெல்லாம் கம்பி வலை.

அவள் கதவைத் திறந்தாள். நான் செருப்பைக் கழற்றாமல் நின்றேன்.

"தொட்டியெல்லாம் எங்கடி?"

"அன்னைக்கே எடுத்துப் போட்டுட்டேன்" என்றாள். "உன் வீட்டுலேர்ந்து வந்த மறுநாளே. எல்லாத்தையும் லோரியில ஏத்தி விட்டாச்சு. அதுக்கப்புறம் இந்த வீட்டுல ஒரு சாசர் தண்ணிகூட ராத்திரி நிக்க விட்டதில்ல."

"நான் ஏதோ புத்தி இல்லாம சொன்னேன்."

"நீ பொய் சொன்னேன்னு நான் நினைக்கலையே" என்றாள். "உண்மையா இருக்குமோன்னுதான் பயந்தேன். இன்னமும் பயப்படுறேன். உன் பிள்ளையை நான்தானே விட்டுட்டுப் போகச் சொன்னேன்."

அந்த வெற்றுச் சிமெண்ட் தரையில் நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து அழுதோம். பக்கத்து வீட்டுச் சீன அம்மா கேட்டருகே வந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். பிறகு என் தோழி எழுந்து போய் டீ போட்டுக் கொண்டு வந்தாள். அவள் வீட்டில் என் மகள் செய்த, எனக்குத் தெரியாத விஷயங்களை ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஒரு தடவை என் தோழியின் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தபால்காரரிடம் கையெழுத்துப் போட்டுத் தபால் வாங்கினாளாம். துறைமுகத்திலிருந்து களைத்து வருகிற அங்கிளுக்கு மைலோ கலக்கிக் கொடுத்து, கூலியாகக் கால் அமுக்கிவிடச் சொன்னாளாம், தன்னுடைய காலை! சொல்லிவிட்டு என் தோழி சிரித்தாள். இந்த ஏழு வருஷமும் இதையெல்லாம் சொல்ல ஆளில்லாமல் அவள் தனக்குள்ளேயே வைத்திருந்தாள். கேட்டிருந்தால் எனக்கு என் மகள் இன்னும் கொஞ்சம் கிடைத்திருப்பாள்.

"மகளைப் பார்க்கணும்" என்றேன்.

"ஜொகூருக்குப் போயிட்டா. மாப்பிள்ளைக்குப் பாலம் தாண்டிச் சிங்கப்பூர்ல வேலை" என்றாள். கொஞ்சம் தயங்கி, "நாங்களும் வீட்டை வித்துட்டு அங்கேயே போறோம். ஜனவரியில" என்றாள்.

அங்கேயே மகளைப் போனில் கூப்பிட்டுக் கொடுத்தாள். "நான்தாம்மா பேசுறேன்" என்றேன். அந்தப் பக்கத்திலிருந்து "நல்லா இருக்கீங்களா, ஆன்டி?" என்றது.

ஆன்டி. ஊரில் யாரையும் கூப்பிடுகிற மாதிரி. பேச வராத அந்தப் பிள்ளை இப்போது தெளிவாக, மரியாதையாகப் பேசியது. இனி அவளுக்காகக் கேட்டுக் கொடுக்க ஆளில்லை என்று தானே பழகிக்கொண்டிருக்கும். "என்னை மன்னிச்சிடும்மா" என்றேன். "ஐயோ, அதெல்லாம் ஒண்ணும் இல்ல ஆன்டி. உடம்பைப் பாத்துக்குங்க" என்றது. யாரோ கதவைச் சாத்துவதுபோல் இருந்தது. அதில் கோபம் இருந்திருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

என் தோழியின் குடும்பம் ஜனவரியில் போய்விட்டது. நானும் என் வீட்டுக்காரரும் போய்ச் சாமான் கட்டிக் கொடுத்தோம். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் கூப்பிடுகிறாள், ஒரு மணி நேரம் பேசுகிறோம். சில சமயம் மகள் பக்கத்தில் இருந்தால் போனை வாங்கி, சாப்பிட்டீங்களா ஆன்டி, அங்கிள் சுகமா என்று இரண்டு வார்த்தை கேட்டுவிட்டுக் கொடுத்துவிடும். போன மாதம் ஒருநாள் மட்டும் கொடுக்காமல் நின்றது. "ஆன்டி, அவ போட்டோ ஒண்ணு அனுப்புறீங்களா? என் பழைய போன்ல இருந்ததெல்லாம் போயிடுச்சு" என்றது.

அலமாரியைத் திறந்து ஆல்பத்தை எடுத்தேன். ஏழு வருஷமாகத் தொடாதது. என் வீட்டுக்காரரும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். எந்தப் பக்கத்தைத் திருப்பினாலும் அந்தப் பிள்ளையும் இருந்தது. நாங்கள் படம் எடுத்ததெல்லாம் லீவில்தானே. எங்கள் மகள் தனியாக நிற்கிற படம் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. கடைசியில் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் போனில் படம் பிடித்து அனுப்பினேன். முடிக்க இரண்டு நாள் ஆனது. எல்லாம் போய்ச் சேர்ந்ததற்குப் போன் அடையாளம் காட்டியது. பதில் இன்னும் வரவில்லை. நானும் கேட்கவில்லை.