அவர் அழித்த காட்சி

மண்ணூர்பேட்டையில் நான் வேலை பார்க்கும் தகடு வெட்டும் பட்டறைக்குப் படமெடுக்க ஒரு அம்மா வந்தார். ஒட்ட வெட்டிய நரைமுடி, தோள் பை நிறைய பேட்டரி, துணைக்கு ஆள் கிடையாது. கென்யா, போலந்து, ஜப்பான் என்று தனியாகவே போய், அங்கங்கே வேலை செய்கிறவர்களைப் படமெடுப்பவராம்.

அவருக்கு ஒரு வழக்கம். அன்றன்று எடுத்ததைச் சாயங்காலம் லேப்டாப்பில் எங்களுக்கே போட்டுக் காட்டி, "இதுல எது வேணாம்?" என்று கேட்பார். எந்த நாட்டிலும் அப்படித்தானாம்.

நான் டீ குடிக்கும் காட்சி வந்தது. கிளாஸைப் பிடித்திருந்த இடது கையில், மிஷின் விட்டுவைத்த மூன்று விரல்கள் மட்டும் திரை முழுக்கத் தெரிந்தன.

"இது வேணாம் மேடம். பாக்குறவன்லாம் உச்சு கொட்டுவான். எனக்கு அது புடிக்காது."

அவர் அதை இன்னொரு முறை ஓடவிட்டார். "இங்க எடுத்ததுலயே நல்ல ஷாட் இதுதாங்க," என்றார்.

எனக்குச் சங்கடமாகிவிட்டது. "அவ்ளோ நல்லா கீதுன்னா வெச்சிக்கோங்க மேடம். உங்க படமாச்சே."

"படம்தான் என்னுது. கை உங்களுது," என்றவர், என் கண்ணெதிரே அதை அழித்தார்.

படம் பல நாடுகளில் ஓடியதாம். போன வாரம் லிங்க் அனுப்பியிருந்தார்; வீட்டில் எல்லாரும் போனில் பார்த்தோம். அதில் நான் மிஷின் சத்தத்தை மீறி யாரையோ கிண்டல் செய்து சிரித்துக்கொண்டிருக்கிறேன். எங்கெங்கோ இருக்கிறவர்கள் அந்தச் சிரிப்பைப் பார்த்திருக்கிறார்கள். ஒருவர்கூட எனக்காக உச்சுக் கொட்டியிருக்க மாட்டார்.