ஷாஃப்ட்டுக்கு விட்ட இடம்

சுருளிராஜனின் ஜீப் படுத்து ஒரு மாதத்துக்கு மேலாகிவிட்டது. கியர்பாக்ஸ் போயிருந்தது. அந்தப் பழைய வண்டிக்கு இனி கியர் பெட்டி கிடைக்காது என்றார்கள். கம்பம் மெட்டு மலைப்பாதை ஏறி ஏலத்தோட்டங்களுக்குப் போகும் அனுமந்தன்பட்டிப் பெண்கள் அவன் ஜீப்பை விட்டு செல்வின் என்பவனின் ஜீப்புக்கு மாறியிருந்தார்கள். அவர்களில் சுருளிராஜனின் மனைவி அனுசுயாவும் ஒருத்தி.

தோட்ட வேலைக்கு ஆள் கூட்டிப் போகும் மூக்கம்மாள் மட்டும் ஒரு வார்த்தை சொல்லியிருந்தாள்.

“ஏலே, வண்டியச் சரிபண்ணிக் கொண்டா. ஒரு நா ஒழுங்காப் போய்வந்துட்டா பழையபடி ஒன் ஜீப்புதேன். நடுவழியில நிப்பாட்டுன, அம்புட்டுத்தேன்.”

அவனுக்கு வேறு தொழில் தெரியாது. எந்த வளைவில் யாருக்கு வாந்தி வரும் என்று தெரியும். அங்கே மெதுவாகப் போவான். அவன் கற்றுவைத்திருந்த வித்தை அதுதான்.

மதுரையில் பழைய இரும்புக் கடையொன்றில் வேறு வண்டியின் கியர்பாக்ஸ் அகப்பட்டது. எஞ்சினோடு எப்படியோ சேர்ந்துவிட்டது. பின்பக்கம்தான் வம்பு. பின்சக்கரத்துக்குச் சுழற்சி கொண்டுபோகிற ஷாஃப்ட்டின் போல்ட் துளைகள் ஒரு கணக்கு, புதுப் பெட்டியின் பின்முனையான வாலில் இருந்த துளைகள் வேறு கணக்கு.

கம்பத்தில் லேத் பட்டறை வைத்திருந்த விஜயபாண்டி குனிந்து பார்த்தான்.

“மாப்ளே, இது அடுத்த வீட்டுச் செருப்பு.”

“காலுல சேத்துக் குடுக்கத்தான ஒங்கிட்ட வந்தேன்.”

விஜயபாண்டி கனத்த இரும்பில் ஒரு வட்டத்தகடு கடைந்தான். ஒரு முகம் பெட்டிக்கு, மறு முகம் ஷாஃப்ட்டுக்கு. தகட்டின் கனத்துக்கும் புதுப் பெட்டியின் நீளத்துக்கும் ஷாஃப்ட்டை அறுத்துக் குறுக்கிப் பற்றவைக்க வேண்டியிருந்தது.

“வெறும் வண்டியில அளக்கப்படாது. ஆளு ஏறுனா அடியில இருக்குற வில்லுப் பட்டை அமுங்கும், ஷாஃப்ட் உள்ள நகரும். எம்புட்டுப் பாரம் ஏத்துவ?”

ஆளுக்கொரு மணல் மூட்டையாக ஏற்றினார்கள். “மூக்கம்மாளுக்கு ரெண்டாப் போடு” என்றான் விஜயபாண்டி. சுருளிராஜன் சிரித்துக்கொண்டே இன்னொன்றைத் தூக்கிப் போட்டான். அமுங்கிய நிலையில், ஷாஃப்ட் உள்ளே நகர ஒரு விரல் இடம் விட்டு அறுத்தார்கள்.

முதல் நாள் காலையில் வண்டி முனகாமல் ஏறியது. “அனுசுயா, ஒம் புருசன் மூஞ்சி இன்னைக்குத்தேன் தெளிஞ்சிருக்கு” என்று பின்னாலிருந்து யாரோ சொல்ல, ஜீப்பே சிரித்தது. தோட்டத்தில் நேரத்துக்குப் போய் வருகைக்குப் பேர் கொடுத்தார்கள்.

சாயங்காலம் வழக்கம்போல் ஆளுக்கொரு விறகுக் கட்டோடு வந்தார்கள். வழக்கம்போல் அவனே வாங்கிப் பின்பக்கக் கம்பியில் அடுக்கிக் கட்டினான். இத்தனை வருடமாக விறகுக்கு அவன் காசு வாங்கியதில்லை. காசு வாங்காததால் அதைப் பாரமென்று அவன் நினைத்ததுமில்லை. மணல் மூட்டை அடுக்கி அளந்த அன்று அது அவன் நினைப்பிலேயே வரவில்லை.

மெட்டைத் தாண்டி இரண்டு வளைவு இறங்கியிருப்பார்கள். மழை அரித்த பள்ளத்தில் பின்சக்கரம் இறங்கியது. அடியில் சம்மட்டி விழுந்தாற்போல் ஒரு சத்தம். பிரேக்கை மிதித்து ஓரம் கட்டிவிட்டு அடியில் நுழைந்தான். விட்ட இடத்தைத் தாண்டி உள்ளே ஏறிய ஷாஃப்ட் பெட்டியின் வாலை இடித்துப் பிளந்திருந்தது. எண்ணெய் தாரையாக ஒழுகிக்கொண்டிருந்தது. வார்ப்பு இரும்பு, பற்றவைத்தாலும் ஒட்டாது. வெளியே வந்து கையை விறகின் மேல் வைத்தபோதுதான், இந்தப் பாரத்தைக் கணக்கில் சேர்க்காதது அவனுக்குப் புரிந்தது.

பின்னால் வந்த செல்வின் நிறுத்தினான். அவன் ஜீப்பில் ஏற்கெனவே ஆட்கள் இருந்தார்கள். நெருக்கி உட்காரச் சொன்னான்.

மூக்கம்மாள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. “காலைல எங்கன நிப்ப தம்பி?” என்று செல்வினைக் கேட்டாள்.

“பஸ் ஸ்டாப்புலதேன் அக்கா. விறகு வேணாம், ஆளு மட்டும் ஏறுங்க. நான் விறகு ஏத்துறதில்ல.”

பெண்கள் ஒவ்வொருத்தியாக ஏறி நெருக்கி உட்கார்ந்தார்கள். அனுசுயா மட்டும் ரோட்டில் நின்றாள்.

“ஏறு. நாளைக்கு வேலைக்குப் போகணும்ல” என்றான் சுருளிராஜன்.

“நீக?”

“வண்டிய விட்டுட்டு எங்க வர?”

அவளும் ஏறிக்கொண்டாள். செல்வின் ஜீப் வளைவில் மறைந்தது. சுருளிராஜன் கல் ஒன்றைத் தூக்கி வந்து சக்கரத்துக்கு அண்டைகொடுத்தான். பிறகு செய்ய எதுவும் இல்லாமல், பிறர் வீட்டு விறகை ஒவ்வொரு கட்டாக அவிழ்த்துக் கீழே வைத்தான்.