அப்பா அழுத பக்கம்

நேற்று ராஜபாளையம் வீட்டில் மகளின் கல்லூரிப் பாடமான பழைய ஆங்கில நாவலைப் புரட்டினேன். தாய் தகப்பன் இல்லாத சிறுமியைச் சொந்தக்காரர்கள் பட்டினி போடும் கட்டம் வந்தது. இந்தக் கதை எனக்குச் சின்ன வயதிலேயே தெரியும்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் அப்பா ஆங்கில வாத்தியார். ஞாயிறு மத்தியானம் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, மூக்குப்பொடி மணக்க, இதே நாவலை எங்களுக்குத் தமிழில் சொல்லுவார். ஒரு ஞாயிறு, இந்தக் கட்டம் வந்ததும் அழுதுவிட்டார். கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார்.

எங்கள் வீட்டில் செல்வியும் இருந்தாள். அப்பாவின் செத்துப்போன தங்கை மகள். நாங்கள் சாப்பிட்டு மிஞ்சியதுதான் அவளுக்கு. அன்று எதுவும் மிஞ்சவில்லை. அடுப்படியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டே அவளும் கதை கேட்டிருக்கிறாள்.

"பொறவு அந்தப் பிள்ளைக்குச் சோறு போட்டாவளா மாமா?" என்று கேட்டாள்.

அப்பா புத்தகத்தை மூடினார். "ஏட்டி, யாரைக் குத்திக் காட்டுதே?" என்று எழுந்துபோய் அவள் கன்னத்தில் அறைந்தார்.

"இதுக்குத்தான் இவளை வீட்ல வச்சிருக்கக் கூடாதுன்னேன்" என்றாள் அம்மா.

செல்வி யாரையும் குத்திக் காட்டவில்லை. அந்தப் பிள்ளை சாப்பிட்டதா என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

அந்த வாரமே அவளை ஒரு நூல் மில்லின் ஹாஸ்டலில் விட்டுவிட்டு வந்தார்கள். மறு ஞாயிறு அப்பா விட்ட இடத்திலிருந்து கதையைத் தொடர்ந்தார். அந்தச் சிறுமிக்காக மறுபடியும் அழுதார்.