மகுடேஸ்வரன் மாமாவின் தெற்கு வடக்கு

என் அக்கா அனிதாவின் வீட்டுக்காரர் மகுடேஸ்வரன் மாமாவுக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு என்று அவர் ஊரான மண்ணரையில் போய்ச் சொன்னால், சொன்னவரைத்தான் ஏற இறங்கப் பார்ப்பார்கள். மாமா ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் இன்சார்ஜ். துணியை விரலால் இழுத்துப் பார்த்தே, துவைத்தால் நீளத்தில் சுருங்குமா அகலத்தில் சுருங்குமா என்று சொல்லிவிடுவார். ஒடிசாக்காரர்களிடம் இந்தியில் வேலை வாங்குவார். வெளிநாட்டுக்காரர்கள் வந்தால் இங்கிலீஷில் சமாளிப்பார். தெருவில் யாருக்கு ஆதாரில் பெயர் தப்பாக இருந்தாலும், யார் வீட்டு மிக்ஸி மக்கர் செய்தாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அப்படிப்பட்ட மனிதருக்குத் தெற்கு எது வடக்கு எது என்று தெரியாது.

சிரிப்பு வருகிறதல்லவா? எங்கள் வீட்டில் இதனால் நடந்ததைக் கேட்டால் வராது.

சூரியன் கிழக்கே உதிக்கும் என்பதெல்லாம் அவருக்கும் தெரியும். அந்தக் கிழக்கைப் பார்த்து நின்றால் தெற்கு எந்தக் கைப்பக்கம் என்பதில்தான் குழம்பிப்போவார். அவர் பிறந்து வளர்ந்தது மண்ணரையில் ஒரு லைன் வீட்டில். எதிர்ச்சுவர் மூக்கில் இடிக்கும் சந்து. அங்கே யாரும் திசை சொல்வதில்லை. பேக்கரிப் பக்கம் போ, சாயப்பட்டறைப் பக்கம் திரும்பு, அவ்வளவுதான். அதற்குப் பிறகு கம்பெனி. அங்கே பகலிலும் டியூப்லைட்தான். பள்ளிக்கூடத்தில் திசை சொல்லிக்கொடுத்தபோது புரியவில்லையாம். மற்ற பிள்ளைகள் எல்லாம் கையை நீட்டியபோது இவரும் நீட்டிவிட்டார். அன்றைக்குத் தப்பித்தவர் அப்படியே வளர்ந்துவிட்டார்.

வந்து பெண் எடுத்தது குண்டடத்தில். எங்கள் ஊரில் திசை சொல்லாமல் ஒரு வேலையும் நடக்காது. சோற்றுப் பானையைக்கூட "கொஞ்சம் மேக்கால தள்ளி வை" என்பார்கள். கலியாணமான புதிதில் அம்மா ஒரு நாள், "மாப்பிள்ளைங்க, தெக்கால கொட்டாயில மம்பட்டி கெடக்குது, எடுத்துட்டு வர்றீங்களா?" என்று கேட்டார். "ஆகட்டுங்க அத்தை" என்று வேகமாகக் கிளம்பியவர் களத்து நடுவில் போய் நின்றுகொண்டு, போனை நெஞ்சுக்கு நேராகப் பிடித்தபடி மெதுவாகச் சுற்ற ஆரம்பித்தார். கரகம் எடுத்து ஆடுகிறவர் தோற்றார்.

"என்னங்க மாமா, காத்து வாங்கறீங்களா?" என்று கேட்டேன்.

"சிக்னல் தேடறேன் கண்ணு. உங்க ஊர்ல டவரே இல்ல."

போனில் திசைகாட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். இது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. எங்கள் ஊரில் டவர் இல்லை என்று நானும் பல பேரிடம் சொல்லித் திரிந்தேன்.

இப்படியே வண்டி ஓடியது. அக்காவுக்குக்கூடத் தெரியாது. அப்பாவுக்கு மருமகன் என்றால் உயிர். எங்கள் அப்பா ஈஸ்வரமூர்த்தி வாய் அதிகம் திறக்காதவர். தோட்டம், தென்னை, காங்கேயம் மாடுகள், இவ்வளவுதான் அவர் உலகம். அவர் சொல்லிவிட்டால் சரியாக இருக்கும் என்பது எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கு. வேலித் தகராறு என்றால் எல்லைக்கல் எங்கே இருந்தது என்று அவரைக் கூட்டிப்போய்த்தான் கேட்பார்கள். மாமாவும் அவரும் உட்கார்ந்து பேசினால் அப்பா விவசாயத்தைச் சொல்வார், மாமா கம்பெனியைச் சொல்வார். ஒருவர் சொல்வதில் பாதி மற்றவருக்குப் புரியாது. இருவரும் தலையை ஆட்டிக்கொள்வார்கள்.

போன ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் ஊரில் இருந்தோம். எங்கள் பக்கத்து ஆடிக் காற்றைப் பற்றிப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை, ஆளையே தள்ளும். பெண்கள் நாங்கள் மூவரும் கோயிலுக்குப் போயிருந்தோம். வீட்டில் அப்பாவும் மாமாவும்தான். தோட்டத்துக்குத் தெற்கே ஓர் இட்டேரி, வடக்கே ஓர் இட்டேரி. இருபுறமும் கள்ளி வேலி வைத்த வண்டித்தடத்தைத்தான் இட்டேரி என்போம். காற்றில் வடக்கு இட்டேரியில் மின்கம்பி அறுந்து தரையில் விழுந்துவிட்டது. லைன்மேன் போனை எடுக்கவில்லை. அப்பா டிவிஎஸ்ஸைக் கிளப்பிக்கொண்டே, இரண்டு கையும் ஹேண்டில்பாரில் இருக்க, சொல்லிவிட்டுப் போனார்:

"வடக்கால இட்டேரியில கம்பி அறுந்து கெடக்குதுங்க மாப்பிள்ளை. நான் போய்க் கையோட ஆளைக் கூட்டியாறேன். அந்தப் பக்கம் ஒரு ஈ காக்கா போகாமப் பாத்துக்கங்க."

"செரிங்க மாமா. நீங்க போய்ட்டு வாங்க."

அந்தப் பக்கம் என்றால் எந்தப் பக்கம்? வாயைத் திறந்து கேட்டிருந்தால் முத்தா உதிர்ந்திருக்கும்? இரவு சார்ஜ் போட மறந்ததால் போன் அணைந்து கிடந்தது. வானம் முழுக்க மேகம். மாமா இரண்டு தடத்தையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில் மனதுக்குத் தோன்றிய ஒன்றில் போய் நின்றார். உள்ளே கொஞ்ச தூரம் நடந்தும் பார்த்தார். கம்பி கண்ணில் படவில்லை. வேலிக்கு அப்பால் இருபுறமும் ஆள் உயரத்துக்குச் சோளம், இதற்குள்தான் எங்கோ கிடக்கும், கிட்டே போக வேண்டாம் என்று திரும்பி வந்து தடத்தின் வாயிலில் காவல் நின்றார். அது தெற்கு இட்டேரி.

எங்கள் மாடுகளைப் பார்த்துக்கொள்ளும் ராமாயி, மாடுகளை ஓட்டிக்கொண்டு அங்கேதான் வந்தாள். மாமா கையை விரித்து மறித்தார்.

"இப்படிப் போகாதீங்க, கரண்ட் கம்பி கெடக்குது. அந்தப் பக்கமா ஓட்டிட்டுப் போங்க."

வடக்கு இட்டேரியில் முன்னால் போன மயிலைப் பசு கம்பியை மிதித்து அங்கேயே செத்து விழுந்தது. ராமாயி பின்னால் வந்துகொண்டிருந்ததால் பிழைத்தாள். கத்திக்கொண்டே அவள் ஓடிவந்தபோது நாங்கள் கோயிலிலிருந்து திரும்பி வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தோம். அப்பாவும் லைன்மேனும் அதே நேரத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

"மாப்பிள்ளைதானுங்க அந்தப் பக்கம் ஓட்டிட்டுப் போகச் சொன்னாரு" என்று ராமாயி தரையில் உட்கார்ந்து அழுதாள்.

அப்பா மாமாவைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. புரியாமல் பார்த்தார். "வடக்கால இட்டேரின்னு சொன்னேனுங்களே மாப்பிள்ளை?"

அந்த இடத்தில் மாமா உண்மையைச் சொல்லியிருக்கலாம். சுற்றி நான், அக்கா, அம்மா, லைன்மேன், சத்தம் கேட்டு ஓடிவந்த பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள். தெற்கு வடக்கு தெரியாது என்று அத்தனை பேர் முன்னால் எப்படிச் சொல்வது?

"தெக்காலன்னு சொன்ன மாதிரிதாங்க மாமா காதுல உளுந்துச்சு" என்றார்.

ஒரே ஒரு வாக்கியம். நாங்கள் எல்லோரும் அதை நம்பினோம். தெற்கும் வடக்கும் தெரியாத ஒரு பெரிய மனிதர் இருப்பார் என்று யாருக்குத் தோன்றும்? அப்பாவுக்கு வயதாகிவிட்டது, பதற்றத்தில் மாற்றிச் சொல்லியிருப்பார் என்பது எல்லோருக்கும் எளிதாக இருந்தது. அம்மா சமாதானமாக, "உடுங்க, வாய் தவறியிருக்கும்" என்றார். அப்பா போய்ப் பசுவின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

அன்றிலிருந்து அப்பா ஆளே மாறிப்போனார். பசு போனது ஒரு துக்கம். அதை அவர் தாங்கிக்கொண்டிருப்பார். தன் வாய் தன்னை ஏமாற்றிவிட்டது, ஒரு மனுசி செத்திருப்பாள் என்பதைத்தான் தாங்க முடியவில்லை. ஆளிடம் ஒரு வேலை சொல்லிவிட்டு, "நான் இப்ப என்ன சொன்னேன்? திருப்பிச் சொல்லு" என்று கேட்க ஆரம்பித்தார். மோட்டார் போட்டுவிட்டு, எந்த வாய்க்காலைத் திறந்தோம் என்று பார்க்க மறுபடியும் நடந்தார். டிவிஎஸ்ஸைத் தொடுவதில்லை. பக்கத்துத் தோட்டத்தில் கல் தகராறு வந்து கூப்பிட்டபோது, "எனக்கு இப்பெல்லாம் நெனப்பு செரியில்லீங்க, வேற ஆளைக் கேளுங்க" என்று அனுப்பிவிட்டார். அம்மா போனில் சொல்லித்தான் இது எனக்குத் தெரிந்தது.

மாடுகளை விற்றார். அடுத்து, தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு அம்மாவோடு மண்ணரைக்கே வந்துவிடுவதாக முடிவெடுத்தார். எங்கள் பக்கத்தில் மண்ணை விட்டு வந்த மனிதர் திரும்பப் போனதாக நான் கேள்விப்பட்டதில்லை. குத்தகைக்குக் கேட்ட ஆளுக்கு இன்னும் வாக்குக் கொடுக்கவில்லை. டாக்டர் என்ன சொல்கிறார் என்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றிருந்தார்.

கோயம்புத்தூரில் டாக்டரிடம் அப்பாவை நான்தான் கூட்டிப்போனேன். ஸ்கேன் எடுத்தார்கள், ஏதேதோ கேள்வி கேட்டார்கள். வயசுக்கு இவ்வளவு தெளிவாக இருக்கிறவர்கள் குறைவு என்றார் டாக்டர். வெளியே வந்து அப்பா சொன்னார்: "அவருக்கு என்ன தெரியும் கண்ணு? கேள்விக்குப் பதில் சொல்றது வேற. தடுமாறிப் போறது எனக்கே தெரியுதே."

அன்று இரவு மண்ணரையில் அக்கா வீட்டில் தங்கினோம். அப்பாவுக்கு முன்னறையில் பாய் விரித்தார்கள். வடக்கே தலை வைத்துப் படுக்கக் கூடாது என்பதில் அப்பா கறாரானவர். "தெக்கு எதுங்க மாப்பிள்ளை? தலைய எங்க வெக்கட்டும்?" என்று கேட்டார். புது இடத்தில் தன்னை நம்பாமல் கேட்டார். நானும் அக்காவும் சமையலறையில் இருந்தோம். மாமா கொஞ்சமும் தயங்காமல் ஒரு சுவரைக் காட்டினார். தலையணையையும் அவரே வைத்துக்கொடுத்தார்.

காலையில் நான் காபி கொண்டுபோனபோது அப்பா பாயிலேயே உட்கார்ந்திருந்தார். ஜன்னல் வழியாக வெயில் வந்து அவர் மடியில் விழுந்திருந்தது. வெயிலைப் பார்ப்பதும் தலையணையைப் பார்ப்பதுமாக இருந்தார். கண் கலங்கியிருந்தது.

"வடக்க தலை வெச்சுப் படுத்திருக்கேன் கண்ணு. மாப்பிள்ளை செரியாத்தான் காட்டினாரு. நாந்தான் ராத்திரி எந்திரிச்சு மாத்திப் படுத்துட்டேன். இனி டாக்டரு எதுக்கு?"

வாசற்படியில் மாமா நின்றிருந்தார். கம்பெனிக்குக் கிளம்பி, சட்டையெல்லாம் இன் செய்திருந்தார். பையைக் கீழே வைத்துவிட்டு உள்ளே வந்து அப்பாவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"மாமா, நீங்க மாத்திப் படுக்கல. நாந்தான் தப்பாக் காட்டினேன். எனக்குத் தெக்கு வடக்கு தெரியாதுங்க."

அப்பா அவரையே பார்த்தார்.

"சின்ன வயசுலருந்தே தெரியாதுங்க மாமா. அன்னைக்குத் தோட்டத்துலயும் நீங்க வடக்காலன்னுதான் சொன்னீங்க. எனக்கு எதுன்னு தெரியல. கேக்க வெக்கமாப் போச்சு. பொய் சொல்லிப்போட்டேன். நீங்க தெளிவாத்தான் இருக்கீங்க. தப்பெல்லாம் எம்மேலதான்."

போனைச் சுற்றிய கதை, பள்ளிக்கூடத்துக் கதை, எல்லாம் கொட்டினார். சமையலறையிலிருந்து அக்கா வந்து கதவில் சாய்ந்து நின்றாள். எனக்குள் முதலில் எழுந்தது கோபம்தான். இத்தனை மாதம் எங்கள் அப்பாவைப் பைத்தியமாக்கி வேடிக்கை பார்த்தாயா என்று கேட்க வாய் துடித்தது. அதற்குள் அப்பா சிரித்தார். ஆடிக்குப் பிறகு நான் பார்த்த முதல் சிரிப்பு.

"போதுங்க மாப்பிள்ளை. பெத்த மகன்கூட அப்பனுக்காக இப்படி ஒரு பழியத் தூக்கித் தலையில வெச்சுக்க மாட்டான்."

"மாமா, சத்தியமாங்க."

"எந்த மனுசனுக்குங்க தெக்கு வடக்கு தெரியாமப் போகும்? ஆடு மாட்டுக்கே தெரியும். உங்க கையில எத்தனை பேரு வேலை செய்யறாங்க!"

"நீங்களே கேட்டுப் பாருங்க. கேளுங்க மாமா."

"செரி. வெயில் அதா வருது, அது கெழக்கு. தெக்கு எதுங்க?"

மாமா எழுந்து நின்றார். ஜன்னலைப் பார்த்தார். நெற்றி வேர்த்தது. உதடு ஏதோ கணக்குப் போட்டது. பிறகு கையை நீட்டினார். இரவு காட்டிய அதே சுவர். வடக்கு.

அப்பா தலையை ஆட்டிக்கொண்டே சிரித்தார். "பாத்தியா அனிதா? எனக்காக எப்படி நடிக்கறாருன்னு. நல்ல மனசு."

"நடிக்கலீங்கப்பா, அவரு நெசமாத்தான் சொல்றாரு" என்றேன் நான்.

"நீயும் கூட்டுச் சேந்துட்டயா கண்ணு?"

அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு புருசனைப் பெருமையாகப் பார்த்தாள். அவளும் நம்பவில்லை. மாமா நீட்டிய கையை மடக்காமல் நின்றார்.

அப்பா தன் போனை எடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மாமாவிடமே நீட்டினார்.

"தோட்டத்தைக் குத்தகைக்குக் கேட்டாரே, அவருக்கு நீங்களே போட்டுக் குடுங்க மாப்பிள்ளை. நான் போட்டா நம்பர் தப்பாப் போயிரும்."

மாமா போனை வாங்கி, எண்ணைத் தேடி எடுத்து, அழுத்திக் கொடுத்தார்.